டிரெஸர் பதில்கள்: மெஷினில் பட்ட அடி, வருஷம் கழித்து வரும் வலி

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். போன இதழில் எண்ணெய் மில் கன்வேயரில் கை மாட்டிய ஒருவருக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன், அதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்துக் கிளினிக்கில் டிரெஸராக இருந்த காலத்தில் நான் கட்டுப் போட்டதெல்லாம் அன்றைக்குப் பட்ட காயத்துக்கு. உங்கள் கடிதங்களோ அதற்குப் பிறகு வந்த வருஷங்களைப் பற்றியவை. தையல் பிரித்ததும் கேஸ் முடிந்தது என்று ஆபீஸ் நினைக்கிறது, குடும்பம் நினைக்கிறது, கடைசியில் அடிபட்டவரும் அப்படியே நம்பிவிடுகிறார். நம்ப வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் எண்ணெய் மில்லில் இருந்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்க்ரூ கன்வேயரில் அடைத்துக்கொண்ட நாரை எடுக்கப் போய், வலது கையில் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் போய்விட்டன. இப்போது ஜாகா (காவல்) வேலை பார்க்கிறார். மழை பெய்யும் ராத்திரியில் இல்லாத சுண்டு விரலை யாரோ முறுக்குகிற மாதிரி வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். மாமியார் செய்வினை என்கிறார். பூசைக்கு 800 வெள்ளி கேட்கிறார்கள். எனக்கோ அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயம். — ரெங்கம் வாசகி

பதில்: அம்மா, முதலில் அந்த 800 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்குப் புத்தியில் ஒன்றுமில்லை. அவர் சொல்கிற வலி உண்மையான வலி, மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த வலி. விரலோ கையோ காலோ துண்டாகிப் போனவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. விரல் போய்விட்டாலும் அந்த விரலுக்கென்று மூளையில் இருக்கிற இடம் அப்படியே இருக்கிறது. சேதி வராமல் போனதும் அது சும்மா இருப்பதில்லை. பக்கத்து இடங்களிலிருந்து வரும் சேதியையும், அறுபட்ட நரம்பின் நுனியிலிருந்து வரும் கண்டபடி சேதியையும் விரல் வலி என்றே எடுத்துக்கொள்கிறது. முறுக்குகிறது, எரிகிறது, நகம் உள்ளங்கையில் குத்துகிறது என்றெல்லாம் சொல்வார்கள். மெஷினில் சிக்கிய அந்த நேரத்தில் விரல் எப்படி முறுக்கிக்கொண்டிருந்ததோ அதே நிலையில் வருஷக்கணக்காக வலிப்பதாகச் சொல்பவர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடியை வைத்து ஒரு வழி சொன்னார். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். மேசை மேல் முகம் பார்க்கும் கண்ணாடியை உங்கள் வீட்டுக்காரரின் நெஞ்சுக்கு நேரே, நீளவாக்கில் நிறுத்துங்கள். இடது கை கண்ணாடிக்கு முன்னால், அடிபட்ட வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைவாக. இப்போது கண்ணாடியைப் பார்த்தால் வலது கை ஐந்து விரலோடு முழுசாக இருப்பது போலத் தெரியும். கண்ணை அதிலிருந்து எடுக்காமல் இடது கை விரல்களை மெதுவாக மடக்கி விரிக்க வேண்டும், பின்னால் இருக்கும் கையும் அதையே செய்வதாக நினைத்துக்கொள்ள வேண்டும். முறுக்கிக்கொண்ட சுண்டு விரல் விரிவதைக் கண் பார்க்கப் பார்க்க, வலி தளர்கிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம், சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும். எல்லோருக்கும் பலிக்காது, சிலருக்குத் தலை சுற்றும், வலி கூடினாலும் கூடும். அதனால் முதல் தடவை ஆஸ்பத்திரியின் ஆக்குபேஷனல் தெரப்பி பிரிவில் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் தொடர்வது நல்லது. கூடவே நரம்பு வலிக்கென்றே அமிட்ரிப்டிலின், கபாபென்டின் மாதிரி மருந்துகள் இருக்கின்றன, அதை டாக்டர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும். பனடோலில் இந்த வலி அடங்காது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். விரல் போன இடத்தில் ஏதாவது ஒரு புள்ளியைத் தொட்டால் மட்டும் கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்கிறதா? அப்படியானால் அது வேறு வலி. அறுபட்ட நரம்பு நுனி சின்ன முடிச்சாக வளர்ந்திருக்கலாம், அதற்குத் தனி வைத்தியம் உண்டு, சில சமயம் அறுவைச் சிகிச்சையும் செய்வார்கள். மழை, ஏர்கோன், ஐஸ் தண்ணீர் பட்டால் கூடுவது நசுங்கிய கைகளில் வழக்கமாகப் பார்ப்பது. ராத்திரி ஜாகா வேலைக்குப் போகும்போது அந்தக் கைக்குத் தடித்த கையுறை போட்டு அனுப்புங்கள்.

இடது தோளையும் கேளுங்கள். எட்டு வருஷமாக எல்லாவற்றையும் அந்தக் கைதான் செய்கிறது. மோட்டாரைத் தள்ளுவதிலிருந்து வாளி தூக்குவது வரை ஒரு கையில் செய்தவர்களுக்குப் பத்து வருஷத்தில் நல்ல பக்கத்துத் தோளும் மணிக்கட்டும் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். அதையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவின் வலது கால் மேல் டிரெக்டர் டிரெய்லர் ஏறி எலும்பு வெளியே வந்துவிட்டது. இரும்புத் தகடு வைத்துத் தைத்தார்கள். 12 வருஷம் நன்றாக இருந்தார். இப்போது முழங்காலுக்குக் கீழே சின்ன ஓட்டை மாதிரி விழுந்து சீழ் வருகிறது, நாலு நாள் வருகிறது, மூடுகிறது, திரும்ப வருகிறது. மஞ்சள் அரைத்துப் போடுகிறோம். அப்பாவுக்கு இனிப்பு நீர் உண்டு. வலி இல்லை என்பதால் ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். — லாபிஸ் வாசகர்

பதில்: தம்பி, மஞ்சளை நிறுத்திவிட்டு இந்த வாரமே அழைத்துப் போங்கள். இதைத் தள்ளிப் போட முடியாது.

எலும்பு வெளியே வந்த முறிவில் மண்ணும் எண்ணெயும் உள்ளே போகும். தோட்டத்து விபத்துகளில் அது ஏறக்குறைய எப்போதும் நடக்கும். எவ்வளவு கழுவினாலும் கிருமி எலும்புக்குள்ளும் தகட்டின் மேலும் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடக்கும். வயதாகி, சர்க்கரை ஏறி, உடம்பின் காவல் குறைந்ததும் அது கிளம்பும். எலும்புக்குள்ளிருந்து தோலுக்கு ஒரு வழி போட்டுக்கொண்டு சீழ் வருகிறது. மூடுவது ஆறியதால் இல்லை, வாய் அடைத்துக்கொண்டதால். வலி இல்லை என்பது இங்கே நல்ல அறிகுறியும் இல்லை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பார்கள், சீழையோ எலும்புத் துணுக்கையோ எடுத்து எந்தக் கிருமி என்று பார்ப்பார்கள், அதற்கேற்ற ஆண்டிபயாட்டிக் வாரக்கணக்கில் கொடுப்பார்கள். பெரும்பாலும் தகட்டை எடுத்து, செத்த எலும்பைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். மாத்திரையை மட்டும் கிளினிக்கில் வாங்கி ஐந்து நாள் சாப்பிடுவது இதற்குப் போதாது. கிருமி பழகிக்கொண்டு அடுத்த மருந்தும் கேட்காமல் போகும். வருஷக்கணக்கில் ஒழுகிக்கொண்டே இருக்கும் புண்ணின் ஓரத்தில் அபூர்வமாகத் தோல் புற்றுநோயும் வரும். இதைப் பயமுறுத்த எழுதவில்லை, ஓரம் தடித்து வளர்ந்தாலோ ரத்தம் கசிந்தாலோ டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றி அப்பா யோசிக்கிறார் என்றால், இது வேலையில் பட்ட அடியின் தொடர்ச்சி. அன்றைக்குச் சொக்சோவில், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், பதிந்த கேஸ் என்றால், அதே காயத்தின் வைத்தியத்துக்கு இன்றைக்கும் அவர்களிடம் போகலாம். பழைய டிஸ்சார்ஜ் பேப்பர், சொக்சோ கடிதம், எக்ஸ்ரே எல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அறுவைச் சிகிச்சை செய்த ஆஸ்பத்திரியில் அப்பாவின் ஐ.சி. (அடையாள அட்டை) நம்பரைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இருபது வருஷமாக டிரெக்டர் ஓட்டுகிறேன். இடுப்பு வலி இடது காலில் இறங்குகிறது. விபத்து எதுவும் இல்லை. இதுவும் வேலைக் காயமா? — சாஆ

பதில்: அடி ஒரே நாளில் பட வேண்டும் என்று கட்டாயமில்லை. மேடு பள்ளமான தோட்டத்துச் சாலையில் நாள் முழுவதும் குலுங்கினால் முதுகெலும்புத் தட்டுகள் தேய்கின்றன. டிரைவர்கள் செய்கிற ஒரு காரியம் நிலைமையை மோசமாக்குகிறது. இரண்டு மணி நேரம் குலுங்கிவிட்டு, படியில் கால் வைக்காமல் மேலிருந்து அப்படியே குதிப்பது, குதித்த கையோடு செம்பனைக் குலையைத் தூக்கி எறிவது. இறங்கும்போது முகத்தை டிரெக்டர் பக்கம் திருப்பிக்கொண்டு படியில் இறங்குங்கள், அப்புறம் சில நிமிஷம் நடந்துவிட்டுத் தூக்குங்கள். சீட் ஸ்பிரிங் செத்திருந்தால் மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். காலில் பலம் குறைந்தாலோ, ஒன்றுக்கு, இரண்டுக்குக் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கில் மரத்துப் போனாலோ, அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். மறுநாள் வரை காத்திருந்தால் நரம்பு திரும்ப வராமல் போகலாம்.

கேள்வி: வயது 29. புல் மெஷினில் வேலை, சில மாதங்களாகக் குலை அறுக்கும் கந்தாஸ் மெஷினும் பிடிக்கிறேன். விரல் நுனி மரத்துப் போகிறது, சட்டை பட்டன் போட வரவில்லை, தேத்தண்ணி கப் கையிலிருந்து நழுவுகிறது. அம்மா கூப்பிட்டாலும் கேட்பதில்லை என்று வீட்டில் திட்டு. — பாலோ

பதில்: தம்பி, இரண்டுக்கும் அந்த மெஷின்தான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. மெஷினின் அதிர்வு விரல்களின் நுண்ணிய ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கிறது. குளிர் நாட்டில் விரல் வெள்ளையாக வெளுத்துப் போகும், புத்தகங்களில் எல்லாம் அதைத்தான் முதல் அறிகுறியாக எழுதியிருப்பார்கள். நம் ஊர் வெயிலில் வெளுப்பது குறைவு, மரத்துப் போவதும் ஊசி குத்துவதும்தான் முன்னால் வரும். அதனாலேயே இங்கே பலருக்கு இது என்னவென்று தெரியாமல் போகிறது. பட்டன் போட முடியாத நிலை வந்துவிட்டதென்றால் ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். மரத்துப் போன நரம்பு முழுசாகத் திரும்பும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது, ஆனால் இப்போது அதிர்வை நிறுத்தினால் இதற்கு மேல் போகாமல் தடுக்கலாம். வேறு வேலை கேளுங்கள், முடியாவிட்டால் நேரத்தையாவது பிரித்து மாற்றி மாற்றிச் செய்யக் கேளுங்கள். மெஷினை இறுக்கிப் பிடிக்காதீர்கள், பிளேடு மழுங்கினால் அதிர்வு கூடும், ரப்பர் பிடி கிழிந்தால் மாற்றச் சொல்லுங்கள். சிகரெட் இருந்தால் விடுங்கள், அது அதே ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது.

காதுக்கு வருவோம். 2019ஆம் ஆண்டுச் சத்த விதிமுறைப்படி எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை. புல் மெஷின் அதைச் சுலபமாகத் தாண்டும். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே சத்தம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போவது உச்ச ஸ்தாயி. பெண்கள், குழந்தைகள் பேசுவது புரியாது, ஆண்கள் பேசுவது கேட்கும். அம்மா கூப்பிடுவது கேட்காததற்கு இதுதான் காரணமாக இருக்கலாம், வீட்டில் சொல்லுங்கள். போன காது திரும்ப வராது, மீதியைக் காப்பாற்றலாம். காது பரிசோதனை செய்து அந்தத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை சொக்சோவின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது, டாக்டரிடம் என்ன வேலை, எத்தனை வருஷம், எந்த மெஷின் என்று விவரமாகச் சொன்னால்தான் அவர் அப்படி எழுத முடியும்.

கேள்வி: ரப்பர் தொழிற்சாலையில் உருளைக்கு இடையே தங்கையின் கை மாட்டி மணிக்கட்டு முறிந்தது. மூன்று மாதம் ஆகிறது, எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் கை வீங்கிப் பளபளவென்று சிவந்திருக்கிறது, துணி பட்டாலே எரிகிறது என்று அழுகிறாள். சூப்பர்வைசர் நடிப்பு என்கிறார்.

பதில்: நடிப்பில் கை வீங்காது. ஒரு கை மற்றக் கையைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருப்பது, நிறம் மாறுவது, அந்தக் கை மட்டும் வியர்ப்பது, நகமும் முடியும் வேறு மாதிரி வளர்வது, அடிக்குச் சம்பந்தமே இல்லாத அளவு வலி, இவை சேர்ந்து இருந்தால் நரம்பு மண்டலம் தவறாக நடந்துகொள்ளும் ஒரு நிலை அது. சி.ஆர்.பி.எஸ். என்று டாக்டரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். முதல் சில மாதங்களில் பிடித்தால் நல்லபடி திரும்புபவர்கள் அதிகம். வலிக்கிறது என்று துணியில் கட்டித் தூக்கி வைப்பதுதான் மோசம், கை அப்படியே இறுகிவிடும். வலி மருந்தின் துணையோடு, பிசியோதெரப்பியில் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். வீட்டில் பஞ்சு, பருத்தித் துணி, அப்புறம் துவாலை என்று மென்மையிலிருந்து சொரசொரப்புக்கு மெதுவாகத் தொட்டுப் பழக்குவார்கள். தங்கச்சியிடம், உன் வலியை நான் நம்புகிறேன் என்று முதலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, என் மகன் மில்லில் ஃபிட்டர். கூட வேலை செய்த பையனை மெஷின் இழுத்தபோது இவன்தான் ஸ்விட்சை அணைத்து வெளியே எடுத்தான். இவனுக்குக் கையில் சின்னக் காயம், அது ஆறிவிட்டது. ஒரு வருஷம் ஆகிறது. மில் பக்கமே போவதில்லை. பக்கத்து வீட்டில் மிக்சி போட்டால் துள்ளி எழுகிறான். தூக்கமில்லை, கோபம், குடியும் வந்துவிட்டது. சோம்பேறி என்று ஊர் பேசுகிறது. — ஒரு தாய், சிகாமட் பக்கம்

பதில்: அம்மா, உங்கள் மகன் ஓர் உயிரைக் காப்பாற்றப் போனவன். அவனைச் சோம்பேறி என்று பேசுகிறவர்கள் அந்த இடத்தில் நின்றதில்லை.

நீங்கள் எழுதியிருப்பது ஒவ்வொன்றும் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன நோயின் அடையாளம். கண்ணை மூடினால் அந்தக் காட்சி திரும்ப ஓடும், சத்தம் கேட்டால் உடம்பு அந்த நிமிஷத்துக்கே போய்விடும், அதைத் தவிர்க்க இடத்தையும் மனிதரையும் ஒதுக்குவார்கள், தூங்குவதற்காகக் குடிப்பார்கள். அடிபட்டவருக்கு மட்டுமல்லாமல் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கும் இது வரும். நம் ஆட்கள் கை போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள், மனசு போனால் வீட்டுக்குள் மூடி வைப்பார்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது, நல்ல பலனும் இருக்கிறது. பயிற்சி பெற்றவரோடு உட்கார்ந்து அந்தச் சம்பவத்தைப் பாதுகாப்பாகத் திரும்பப் பார்த்து, பயப்படும் இடத்துக்குப் படிப்படியாகப் போகிற பேச்சு முறை அது, தேவைப்பட்டால் மருந்தும் சேரும். பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்கில்) பதியுங்கள், குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். அதுவரை யாரிடமாவது பேச வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. சாக வேண்டும் என்று ஒரு வார்த்தை வாயில் வந்தாலும் தனியாக விடாதீர்கள், நேரே எமர்ஜென்சிக்கு அழைத்துப் போங்கள். குடியை மட்டும் பிடித்துச் சண்டை போடாதீர்கள். அவன் தூங்குவதற்கு வேறு வழி கிடைத்தால்தான் அதை விட முடியும்.

கேள்வி: தோட்டத்தில் கண்ட்ராக்டரிடம் வேலை செய்யும் என் தம்பிக்கு லோரி வின்ச்சில் கை நசுங்கியது. கண்ட்ராக்டர், "கிளினிக் பில்லை நான் கட்டிவிட்டேன், சொக்சோவுக்கெல்லாம் போகாதே, வேலை போய்விடும்" என்கிறார். எம்.சி. (மருத்துவ விடுப்பு) இரண்டு மாதம் கொடுத்தார்கள். இரண்டு விரல் மடங்குவதில்லை. என்ன செய்வது? — குளுவாங்

பதில்: சொக்சோவுக்குப் போங்கள். இதைத்தான் முதலிலும் கடைசியிலும் சொல்வேன்.

சொக்சோ என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம் கொடுக்கிற உரிமை, கண்ட்ராக்டர் போடுகிற பிச்சை இல்லை. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் பதிய வேண்டும். வேலை விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். கண்ட்ராக்டர் பதியாமலே இருந்திருந்தால் அது அவர் செய்த குற்றம், உங்கள் தம்பியின் உரிமை அதனால் போய்விடாது. கண்ட்ராக்டரை வைத்து வேலை வாங்கும் தோட்டத்துக்கும் இந்தச் சட்டத்தில் பொறுப்பு இருக்கிறது. முதலாளி தெரிவிக்காவிட்டால் தம்பியே ஆபீசுக்குப் போய்ச் சொல்லலாம்.

கிளினிக் பில்லைக் கட்டியதோடு கணக்கு முடிந்தது என்று கண்ட்ராக்டர் நினைக்கிறார். கணக்கைப் பார்ப்போம். விபத்து நாளையும் சேர்த்து நாலு நாளாவது எம்.சி. இருந்தால், அந்த நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு சொக்சோ கொடுக்கும். தம்பியின் நாள் சம்பளம் 60 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 48 வெள்ளி. எம்.சி. முடிந்தும் கை முழுசாகத் திரும்பாவிட்டால் மருத்துவ வாரியம் பார்த்து எத்தனை விழுக்காடு ஊனம் என்று முடிவு செய்யும். 30 விழுக்காடு என்று சொன்னால், சம்பளத்தின் 90 விழுக்காடான 54 வெள்ளியில் 30 விழுக்காடு, நாளைக்கு 16 வெள்ளி 20 சென். 30 நாள் மாதத்துக்கு 486 வெள்ளி, உயிர் உள்ளவரை. தம்பிக்கு 25 வயது என்றால் அது எவ்வளவு பணம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். 20 விழுக்காடோ அதற்குக் குறைவோ என்றால் மொத்தமாகவே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மொத்தமாக எடுத்துக்கொண்டு மீதியை மாதாமாதம் வாங்க வழி இருக்கிறது. அவசரக் கடனுக்காக மொத்தத் தொகையின் மேல் கண் வைக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம், மாதாமாதம் வரும் பணம் குடும்பத்தைத் தாங்கும்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வேலை விபத்துக்காக முதலாளி மேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போடுவதை அந்தச் சட்டத்தின் 31ஆவது பிரிவு தடுக்கிறது. ஆகவே சொக்சோவை விட்டுவிட்டு அப்புறம் லாயரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. சம்பளச் சீட்டையும் பாருங்கள். கையில் 1,800 வெள்ளி வாங்கிக்கொண்டு, சொக்சோவுக்குக் குறைந்த சம்பளத்தைக் காட்டியிருந்தால் தம்பிக்குக் கிடைக்கும் தொகையும் குறையும், பாங்குக் கணக்கோடு போய் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

வாரியத்துக்குப் போகிற அன்று தம்பி வெட்கப்பட்டுக்கொண்டு பரவாயில்லை, சமாளிக்கிறேன் என்று சொல்லக்கூடாது. நம் பிள்ளைகள் டாக்டர் முன்னால் அப்படித்தான் சொல்வார்கள். பாட்டில் மூடி திறக்க முடியவில்லை, மோட்டார் கிளட்சைப் பிடிக்க முடியவில்லை, ராத்திரி வலியில் எழுந்துவிடுகிறேன் என்று இருப்பதை இருக்கிறபடி சொல்ல வேண்டும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். வாரியத்தின் முடிவில் திருப்தி இல்லை என்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பல வருஷம் கழித்து நினைத்தே பார்க்காத அளவுக்குக் கை மோசமானால் மறுபடியும் மதிப்பிடச் சொல்லியும் கேட்கலாம்.

வேலை போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு பதில். 2007இலிருந்து அடிபட்டவர்களைத் திரும்ப வேலைக்கு அனுப்பும் திட்டம் சொக்சோவில் இருக்கிறது, கேஸ் மேனேஜர் ஒருவர் முதலாளியிடம் பேசி மாற்று வேலைக்கு ஏற்பாடு செய்வார். மலாக்காவில் அவர்களுடைய மறுவாழ்வு மையம் 2014இலிருந்து நடக்கிறது. இரண்டு விரல் மடங்காமல் இருப்பதற்கு அங்கே பயிற்சி உண்டு, சீக்கிரம் போனால் பலன் அதிகம்.

கேள்வி: விபத்துக்குப் பிறகு கால் வலிக்குத் தினமும் இரண்டு வலி மாத்திரை, அது இல்லாவிட்டால் சந்தையில் விற்கும் ஒரு கறுப்பு மாத்திரை. நன்றாகக் கேட்கிறது. தொடரலாமா? — பாரிட் ராஜா

பதில்: வேண்டாம். வலி மாத்திரைகளில் பல வகை, வருஷக்கணக்கில் தினமும் சாப்பிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், குடலில் ரத்தக் கசிவு வரும். இனிப்பு நீரோ ரத்த அழுத்தமோ இருந்தால் இன்னும் வேகமாக. சந்தையில் விற்கும் பெயரில்லா மாத்திரை அவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம், சுகாதார அமைச்சு இப்படிப்பட்ட மருந்துகளைப் பல முறை பிடித்திருக்கிறது. அதைத் திடீரென்று நீங்களாகவும் நிறுத்தக்கூடாது, உடம்பு பழகியிருந்தால் மயங்கி விழலாம். மாத்திரையையே கையில் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், சிறுநீரகப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களோடு வேலை செய்யும் வங்காளதேசப் பையனுக்கு மெஷினில் கால் அடிபட்டுவிட்டது. வெளிநாட்டவருக்கு ஒன்றும் கிடையாது என்கிறார்களே? — லாயாங் லாயாங்

பதில்: கிடையாது என்று சொன்னவர் பழைய கதையைச் சொல்கிறார். முறையான பெர்மிட்டில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 2019 ஜனவரியிலிருந்து சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். எம்.சி. பணம், வைத்தியச் செலவு, ஊனத் தொகை எல்லாம் அவருக்கும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு என்பதால், சொக்சோ கேஸ் பதியாவிட்டால் பாதி வைத்தியத்திலேயே வெளியே வந்துவிடுவார். அவருடைய பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருந்தால் அது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அவருக்கு மலாய் எழுத வராது, நீங்கள் கூடப் போய் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். விபத்து நடந்த நாள், நேரம், எந்த மெஷின், கூட இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, பார்த்தவர்களிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.